மங்கலாய் ஒரு மஞ்சள்

"கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

கேட்ட அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் வீட்டில் வாய்தவறிக்கூட யாரும் சொல்லாத வார்த்தை அது. போயும் போயும் அவள் வாயிலிருந்தா வர வேண்டும்... அதுவும் இப்போது?

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. படியேறி ஓடி வந்த வேகத்தில் அவன் நேராக வந்து மோத, அவள் கையிலிருந்த புரூஃப் கட்டு மாடி வராந்தா முழுக்கப் பறந்துவிட்டது. எதிரில் ஒரு ஆள் நிற்பதுகூடவா தெரியாது? அதுவும் பளீரென்று மஞ்சள் துப்பட்டா போட்டுக்கொண்டு?

"ஸாரிங்க... ஸாரி, ஸாரி..." அவன் எதையோ கைக்குட்டையில் துடைத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு குனிந்தான். தடவித் தடவிக் காகிதங்களைப் பொறுக்கினான். தரையில் பதித்திருந்த ஒரு வெள்ளைக் கல்லையும் காகிதம் என்று எடுக்கப் பார்த்தான்.

"என்னங்க, காமெடியா?"

"ஐயோ, இல்லைங்க. கொஞ்சம் பதட்டம்..." ஈரத் தலையோடு நிமிர்ந்தான். "புள்ளி மேடம் எங்க இருப்பாங்க? ஸ்கிரீன்ல எழுத்து மங்குதுன்னு போன் வந்துது. நான் சிஸ்டம் சர்வீஸ்."

அவள் பொறுக்கிய காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

புள்ளி என்பது அவள்தான். குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் அந்தப் பதிப்பகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை. மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனால் போதும், பக்கத்தைப் புரட்டும்போதே பிடித்துவிடுவாள். அதனால் அச்சகத்துக்காரர்கள் வைத்த பெயர் அது. "எங்க ஆபீஸ்லயே பெரிய புள்ளி இவதான்!" என்று பதிப்பகத்தின் ஆசிரியரம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் கொஞ்ச நாளாகத் திரையில் புள்ளியே சரியாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல். 'ன' எது, 'ண' எது என்று குனிந்து குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு திரையில் உரசுவதைப் பார்த்துவிட்டு ஆசிரியரம்மாதான் சர்வீஸுக்குப் போன் போட்டிருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை? பயம். வேறென்ன...

அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இதே வயதில். "எழுத்துக்குப் பின்னால நிழல் விழுதுங்க" என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். வெளிச்சமான இடத்தில்தான் முதலில் மங்கியதாம். காகிதத்தில் படிப்பது கடைசியாகத்தான் போனதாம்; அதனால் காகிதத்தில் இன்னும் எழுத்து தெரிவதை அவளால் நம்ப முடியவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது, அவள் முகத்தை அம்மா விரலால் தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது. போன வருஷம் அவளுக்கு ஒரு வரன் கூடி வந்தது. பையனின் அத்தை அம்மாவைப் பார்த்துவிட்டு, "இது பரம்பரையா வர்றதா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவ்வளவுதான், அப்புறம் போனே வரவில்லை. அன்றைக்கே அவள் கல்யாணம், காதல் என்ற பேச்சுக்குக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

இப்போது இந்த ஆள் வந்து, கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டால்? அப்புறம் கோளாறு எதில்?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். தானா சரியாயிடுச்சு. நீங்க கிளம்புங்க."

"மழையில நனைஞ்சு வந்திருக்கேன் மேடம். ஒரு தடவை பாத்துட்டாவது போறேனே..."

குரலில் அப்படி ஒரு கெஞ்சல். போய்த் தொலையட்டும் என்று நாற்காலியைக் காட்டினாள். அவன் அதற்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தான். 'திமிரைப் பாரு' என்று நினைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு வயரை அழுத்திப் பார்த்தான். திரையின் அளவைப் பார்த்தான். வருஷக்கணக்காகச் செய்கிற வேலை போலிருக்கிறது, மவுஸ் தன்பாட்டுக்கு ஓடியது. அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"கேபிள் சரி... அளவு சரி... உங்க சிஸ்டத்துல ஒரு குறையும் இல்லையே மேடம்."

அவள் தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கும் ஒண்ணு செஞ்சு பாத்துடலாம். உக்காருங்க. இப்ப ஸ்கிரீன்ல ஒரே வாக்கியம் ஆறு பெட்டியில வரும். எது உங்களுக்குத் தெளிவா இருக்கோ அதைத் தொடுங்க. அடுத்த பக்கம் வரும். மறுபடி தொடுங்க. உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி அதுவே எழுத்தைத் தீட்டிக்கும்."

உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி... கண் டாக்டரிடம் போகக்கூடாது என்று இத்தனை நாள் ஒளிந்து திரிந்தால், கண் பரிசோதனை நாற்காலி போட்டு இங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டதே!

ஆறு பெட்டிகள் வந்தன. பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ஆறும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்று இன்னொன்றைவிடத் தெளிவு என்று எப்படிச் சொல்வது? தெரியவில்லை என்று சொன்னால் இவன் ஆசிரியரம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவான். தப்பாக ஒன்றைத் தொட்டால் இவனுக்கே தெரிந்துவிடும்.

அப்போதுதான் அந்தத் திருட்டு யோசனை வந்தது. இவனுக்குத்தான் விடை தெரியுமே... இவன் எதைப் பார்க்கிறானோ அதைத் தொட்டுவிட்டால் போயிற்று!

ஓரக்கண்ணால் அவன் கண்களைப் பார்த்தாள். ஈர இமைகள். ஒரு இமை நுனியில் மழைத்துளி ஒன்று விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கண்கள் திரையின் கீழ் வலது மூலையிலேயே நிலைத்திருந்தன. கடைசிப் பெட்டி. தொட்டாள்.

"ம்..." என்றான் அவன்.

அடுத்த பக்கம். மறுபடி அவன் கண். மறுபடி அதே மூலை. தொட்டாள். அடுத்ததிலும் அதேதான். ஒரு தடவை அவன் சட்டென்று திரும்ப, இரண்டு பேர் கண்ணும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. அவன் காது சிவந்துபோனது. அவள் குனிந்துகொண்டாள்.

"இப்ப... தெளிவா இருக்குங்களா?"

"ரொம்பத் தெளிவா இருக்கு சார்" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

அவன் போகும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, கதவிடமே ஸாரி கேட்டுவிட்டுப் போனான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பித் திரையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எழுத்துகள் முன்பைவிட மோசமாக மங்கியிருந்தன.

---

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். காலையில் கண் விழித்ததும் சுவர்க்கடிகாரத்தின் முள் தெரிகிறதா என்று பார்ப்பாள். பேருந்தின் எண் தெரிகிறதா... தெரிந்தது. ஆனால் நேற்று தெரிந்த அளவுக்குத் தெரிகிறதா? பயந்தவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அவளுக்கு வெளிச்சமே பேயாகிவிட்டது.

பக்கத்து மேஜையில், பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட் அக்காவின் திரை இருக்கிறது. அதில் போய் ஒரு பக்கத்தைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அங்கேயும் மங்கினால் கண், மங்காவிட்டால் கம்ப்யூட்டர். ரொம்பச் சுலபம். அதனாலேயே அவள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. தெரியாமல் இருக்கும்வரை பாதி நம்பிக்கையாவது மிச்சம் இருக்கும் அல்லவா?

நடுநடுவே, சம்பந்தமே இல்லாமல், இமை நுனியில் தொங்கிய அந்த மழைத்துளி வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. 'சீ, இது ஒண்ணுதான் குறைச்சல்' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்புறம் சாம்பிள் பிரதி வந்தது.

"புள்ளி! இங்க வா!" ஆசிரியரம்மாவின் குரல் மாடி முழுக்கக் கேட்டது. "என்ன இது? படிச்சுக் காட்டு."

நீலத் தண்ணீரில் ஒரு குட்டிப் பையன் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். கீழே கொட்டை எழுத்தில்: *தம்பி எரியில் குளித்தான்.*

"ஏரியில குளிக்கப் போன பிள்ளையை நெருப்புல குளிக்க வச்சிருக்கியே! அதுவும் சிரிச்சுட்டே குளிக்கறான் பாரு!"

ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மட்டும் அந்த 'எ'வையே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே இழுத்த ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வால் அவள் திரையில் நிழலோடு நிழலாகப் போய்விட்டிருந்தது.

ஆசிரியரம்மா குரலைத் தணித்துக்கொண்டார். "சாம்பிள்தான், தப்பிச்சோம். ஆனா உன் கையில இப்படி ஒரு தப்பு நான் பாத்ததே இல்லம்மா. உடம்பு கிடம்பு சரியில்லயா? முடியலேன்னா சொல்லிடு. கொஞ்ச நாளைக்கு வேற ஆளை வச்சுப் பாத்துக்கறேன்."

வேற ஆள். அந்த இரண்டு வார்த்தை போதும். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அதைவிட, இந்த வேலை போனால் அவள் யார்? புள்ளி இல்லாத மெய்யெழுத்துதான்.

சர்வீஸுக்குப் போன் செய்தாள்.

அவன் வந்தான். இந்தத் தடவை மழை இல்லை. தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, முகமெல்லாம் பல்லாக வந்தான். பாவம், அவன் கதை வேறு. ஒரு பெண் ஒவ்வொரு பக்கத்துக்கும் தன் முகத்தின் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாளே என்று அன்றிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை.

"என்ன மேடம், மறுபடியும் மங்குதா? இல்ல..." என்று இழுத்துச் சிரித்தான்.

"சிரிக்காதீங்க சார்! நீங்க சரி பண்ணதுக்கு அப்புறம்தான் இன்னும் மோசமாச்சு."

"நானா? நீங்கதானே மேடம் எல்லாத்தையும் தொட்டீங்க?"

"நான் எங்க தொட்டேன்? நீங்க எதைப் பாத்தீங்களோ அதைத்தான் தொட்டேன்! உங்க கண்ணைப் பாத்து... பாத்து..."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"ஓ... பரீட்சையில பக்கத்துப் பையனைப் பாத்து எழுதற மாதிரியா?"

"பின்ன? வேற எதுக்குன்னு நினைச்சீங்க?"

இத்தனை நாள் கட்டிய கோட்டையெல்லாம் பொலபொலவென்று சரிந்துவிட்டது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"ஒரு நிமிஷம்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அன்னிக்கு நீங்க பாத்தது... அந்தக் கடைசிப் பெட்டி... அதுதானே தெளிவா இருந்துச்சு? நிச்சயமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் அவமானத்துக்கு மேல் அவமானமா?

"நிச்சயமா" என்றான். "வேற ஆளை அனுப்பறேன்."

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். தடித்த கண்ணாடி. அது இல்லாவிட்டால் ஒரு சாண் தூரத்துக்கு மேல் உலகமே அவனுக்குக் கரைந்த சாயம்தான். முதல் தடவை இங்கே வருவதற்கு முன்னால் போன ஆபீஸில், "சோடாபுட்டி வந்தாச்சு!" என்று இரண்டு பெண்கள் கிசுகிசுத்தது காதில் விழுந்திருந்தது. அந்த எரிச்சலில்தான், அன்றைக்கு மழையில் நனைந்த கண்ணாடியைத் துடைத்தவன் திரும்பப் போடாமல் பையில் வைத்தான். இன்றைக்கும் போடவில்லை. ஒரு வறட்டு அழகுக்காக ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டுப் போகிறான். அந்த வார்த்தை மேலே நிற்கிறவளுக்கு எவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தெரியாதே!

மேலே, அவள் திரையின் முன்னால் சிலையாக உட்கார்ந்திருந்தாள். நல்ல கண் உள்ளவன் தெளிவு என்று சொன்னது அவளுக்கு மங்குகிறது. அப்படியென்றால் முடிந்தது கதை.

---

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் விளக்கைப் போடவில்லை. சமையலறை வாசலில் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எப்படித்தான் இருக்கும்... பழகிக்கொள்ள முடியுமா? சுவரைத் தடவிக்கொண்டு ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. மேஜை விளிம்பு. தண்ணீர்க் குடம். இடுப்பில் எதுவோ இடித்தது.

"யாரு அது..." அம்மாவின் குரல் உள்ளறையிலிருந்து வந்தது. "யாரு என்னை மாதிரி நடக்கறது?"

அவள் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அம்மா எழுந்து வந்துவிட்டாள். விறுவிறுவென்று, எங்கும் இடிக்காமல். வந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கட்டை விரல்கள் மூடிய இமைகளின் மேல் நின்றன. இமைகள் ஈரமாக இருந்தன.

"எப்பலேந்து கண்ணு?"

எல்லோரும் பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடுகிற வார்த்தைதான் அது. அன்றைக்கு அதைக் கேட்டதும் அவள் உடைந்துபோய் அம்மாவின் தோளில் விழுந்தாள்.

"நிழல் விழுதும்மா... எழுத்துக்குப் பின்னால..."

அம்மா ஒரேயடியாகப் பொரிந்தாள். "அடிப்பாவி, இதைப் போய் என்கிட்ட மறைச்சியா? என் கண்ணுதான் போச்சு, நான் செத்தா போயிட்டேன்? நானும் இப்படித்தாண்டி ஒளிச்சேன். டாக்டர் வாயால கேட்டா நிஜமாயிடுமோன்னு பயந்து பயந்து... டாக்டர்கிட்டப் போறோம். நானும் வர்றேன்."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்றாள் அம்மா.

---

மறுநாள் காலை ஆபீஸ் திறந்தபோதே அவன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். விடிய விடியத் தூங்காத முகம். மூக்கின் மேல், பாட்டில் அடிப்பாகம் மாதிரி ஒரு கண்ணாடி.

அவளுக்கு ஒரு கணம் ஆளே தெரியவில்லை.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். ராத்திரி பூரா யோசிச்சேன். பக்கத்தில இருக்கறவனைப் பாத்து எழுதறவன் ஏன் எழுதறான்? விடை தெரியாததாலதானே? உங்களுக்கு ஏன் தெரியல?"

இதற்கு மேல் மறைக்க அவளிடம் தெம்பு இல்லை. அம்மாவின் கதை, வரன் வந்த கதை, ஏரி எரியான கதை எல்லாம் கொட்டிவிட்டாள். "நீங்க நிச்சயமான்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். எனக்கும் வந்துடுச்சு."

அவன் முகம் வெளுத்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடாத குறை.

"ஐயோ... நான் மகா பாவிங்க! அன்னிக்கு நான் கண்ணாடியே போடல. எனக்கு ஒரு பெட்டியும் தெரியல. ஆறா, அறுபதான்னுகூடத் தெரியல! அளவு சரின்னு சொன்னதும் பழக்கத்துல அடிச்சு விட்டதுதான். நேத்தும் பொய்தான் சொன்னேன். சும்மா ஒரு... ஒரு வறட்டுக் கௌரவம்..."

அவள் பார்த்தாள். அவனைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். வெள்ளைக் கல்லைப் பொறுக்கப் பார்த்ததும், கதவிடம் ஸாரி கேட்டதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

"அப்ப... குருடனுக்குக் குருடன் வழி காட்டின கதையா?"

அவள் வாயிலிருந்து, அவள் வீட்டில் சொல்லவே கூடாத வார்த்தை! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து பீறிட, கையிலிருந்த புரூஃப் கட்டாலேயே அவன் தோளில் ஒன்று வைத்தாள். "பாவி மனுஷா! ராத்திரி நானும் எங்கம்மாவும் என்ன பாடுபட்டோம் தெரியுமா?"

"அடிங்க. இன்னொண்ணுகூட அடிங்க. ஆனா முதல்ல உள்ள வாங்க."

லேஅவுட் அக்காவின் பழைய சின்னத் திரையில் அதே பக்கத்தைத் திறந்தான். திறந்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

"இப்ப என் கண்ணைப் பாத்துப் பிரயோஜனமில்ல. நீங்களே படிங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் போகாத இடம். திறக்க வேண்டும். திறந்துதான் ஆக வேண்டும். அம்மா ஒளிந்தது போதும்... திறந்தாள்.

"தம்பி..." விரலைத் திரையில் வைத்தாள். "தம்பி எரியில்... எ. வால் இல்ல. வால் இல்லைங்க! எனக்குத் தெரியுது! புள்ளி தெரியுது, எல்லாம் தெரியுது!"

அவன் முதுகைக் காட்டிக்கொண்டே மூக்கை உறிஞ்சினான்.

அப்புறம் அவள் இடத்துக்கு வந்து, கண்ணாடியோடு ஒழுங்காகப் பார்த்தான். பார்த்த கணத்திலேயே தலையில் அடித்துக்கொண்டான். "புதுசா பெரிய ஸ்கிரீன் மாத்தினாங்களா? எழுத்து பொடியா இருக்குன்னு யாரோ எல்லாத்தையும் ஒண்ணரை மடங்கு பெருசாக்கி வச்சிருக்காங்க. புது சாஃப்ட்வேருக்கு அது புரியும். உங்க பக்கம் கட்டற சாஃப்ட்வேர் பழைய சரக்கு. சின்ன எழுத்தையே இழுத்து இழுத்துப் பெருசாக் காட்டுது. சின்ன போட்டோவை இழுத்து பேனர் அடிச்சா முகம் மங்கும்ல, அந்த மாதிரி." அந்த சாஃப்ட்வேருக்கு மட்டும் இழுக்காதே என்று ஒரு இடத்தில் டிக் போட்டான். மறுபடி ஆறு பெட்டிகளைக் கொண்டுவந்தான். இந்தத் தடவை அவளே தொட்டாள். கடைசிப் பெட்டியை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

எழுத்துகள் கழுவித் துடைத்துவைத்த மாதிரி நின்றன. அவள் பெருமூச்சு விட்டாள். ஆனால் அந்தப் பயம் முழுசாகப் போய்விடவில்லை, ஓரமாக உட்கார்ந்திருந்தது. அவன் அதைக் கவனித்தான்.

"எதுக்கும் டாக்டர்கிட்டப் போய்ப் பாத்துடுங்க" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "கண்ணுல மருந்து விட்டா ரொம்ப நேரத்துக்கு மங்கலாத்தான் இருக்கும். உங்க ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும்ல? என்னைப் போயி கண்ணு தெரிஞ்ச ஆளுன்னு சொல்ல முடியாது... ஆனா கண்ணாடி போட்டுட்டு வர்றேன்."

---

கண் மருத்துவமனையின் நீண்ட பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் அம்மா, நடுவில் அவள், இந்தப் பக்கம் அவன். அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டாகிவிட்டது. விளக்குகள் ஊதிப் பெருத்து, நர்ஸுகள் வெள்ளைப் புகையாக நடந்தார்கள். இப்படித்தான் இருக்குமோ... இனிமேல் இப்படியேதானோ? அவள் பெஞ்சு விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பயத்தை மறக்க எதையாவது பேச வேண்டும். மனசில் ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. பிழை திருத்துகிறவள் சந்தேகத்தைச் சும்மா விடுவாளா?

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"கண்ணாடி இல்லாம உங்களுக்கு ஒரு பெட்டியும் தெரியல. சரி. அப்ப ஏன் ஒவ்வொரு பக்கத்துலயும் அந்தக் கடைசிப் பெட்டியையே பாத்துட்டிருந்தீங்க?"

அவன் எச்சில் விழுங்குவது கேட்டது.

"அந்த மூலையில மட்டும்தாங்க... மஞ்சளா ஒண்ணு தெரிஞ்சுது."

"என்ன மஞ்சள்?"

"உங்க துப்பட்டா. உங்க பின்னால ஜன்னல் வெளிச்சம். ஸ்கிரீன்ல, கண்ணாடியில மாதிரி உங்க உருவம் விழுந்திருந்தது. மூக்கு கிடையாது, முழி கிடையாது... மங்கலா ஒரு மஞ்சள். அவ்வளவுதான். ஆனா கண்ணை எடுக்க முடியல."

அவள் காது சூடானது. அவன் எதைப் பார்க்கிறான் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவளையா!

"முகமே தெரியலயே... அப்புறம் எப்படி?"

"கண்ணு தெரியலயான்னு கேட்டீங்கல்ல? கேட்ட உடனே உங்க மூச்சு ஒரு மாதிரி அடைச்சுது. யாரோ தெரியாதவனைத் திட்டினதுக்குப் போய் இந்தப் பொண்ணு இப்படி வருத்தப்படுதேன்னு... அதுலயே விழுந்துட்டேங்க. எல்லாரும் முதல் பார்வையிலயே காதல்னு சொல்லுவாங்க. எனக்குப் பார்வைன்னே ஒண்ணு இல்லாமலே ஆயிடுச்சு."

இத்தனை வருஷமாக அவள் எதற்குப் பயந்தாள்? முகங்களெல்லாம் அழிந்துபோன ஒரு உலகத்துக்கு. அங்கே போனால் தன்னை யாருக்கும் பிடிக்காது, தனக்கும் யாரையும் பிடிக்க வழியில்லை என்று பயந்தாள். இவனோ அந்த உலகத்தில் நின்றுகொண்டேதான் அவளைக் கண்டுபிடித்திருக்கிறான்.

"எனக்கு... வந்துட்டிருந்தா?" என்று கேட்டாள்.

"பரவால்லன்னு வாய் வார்த்தைக்குச் சொல்ல மாட்டேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா... ரெண்டு பேரா சேந்து பயப்படலாமே?"

மங்கலாகத் தெரிந்த அவன் பக்கம் திரும்பினாள். கண்ணாடி மட்டும் இரண்டு வெளிச்ச வட்டமாக மினுங்கியது.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன். விடைக்காகத்தான் உங்க கண்ணைப் பாத்தேன். அது சத்தியம். ஆனா பரீட்சை முடிஞ்சப்புறமும் அது ஞாபகத்தை விட்டுப் போகல. இமையில ஒரு சொட்டு மழை... அது விழுந்துதா, விழலயான்னு இன்னிவரைக்கும் யோசிச்சிட்டிருக்கேன்."

பக்கத்தில் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

"எனக்குக் கண்ணுதான் தெரியாது" என்றாள் அம்மா. "காது நல்லாத்தான் கேக்குது. நான் வேணும்னா அந்தக் கோடியில போயி உக்காரட்டுமா?"

இரண்டு பேரும் வெலவெலத்துப்போனார்கள். அம்மா மகள் மடியைத் தாண்டிக் கையை நீட்டி, அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடியில் விரல் தட்டியது. "நல்ல கனமான கண்ணாடிதான் தம்பி. இதை இனிமே பாக்கெட்டுல வைக்காதே" என்றாள். குரல் கரகரத்திருந்தது.

அப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

இருட்டறை. நெற்றியில் விளக்கு கட்டிய டாக்டர். மேலே பார், கீழே பார், இப்படிப் பார், அப்படிப் பார்... வெளிச்சம் கண்ணுக்குள் ஊசியாக இறங்கியது. டாக்டர் மறுபடி மறுபடி லென்ஸை மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவள் உயிர் போய்ப் போய் வந்தது. ஒரு பக்கம் அம்மாவின் கை. இன்னொரு பக்கம், கேட்காமலே வந்து சேர்ந்த இன்னொரு கை. அதுவும் சில்லிட்டிருந்தது.

டாக்டர் விளக்கை அணைத்தார்.

"விழித்திரை சுத்தமா இருக்கும்மா. அம்மாவுக்கு வந்ததோட அடையாளம் எதுவும் இப்ப இல்ல."

அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். மகளுக்கு அழுகைகூட வரவில்லை. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

"ஆனா பரம்பரை விஷயம், அலட்சியமா விடக்கூடாது. வருஷா வருஷம் வந்து காட்டணும். சரியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது.

"வருவோம் டாக்டர்."

வருவாங்க என்று சொல்லியிருக்கலாம். கூட்டிட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். வருவோம் என்றான். பழக்கதோஷம், அவள் அந்தச் சொல்லை மனசுக்குள் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். கடைசி எழுத்தின் தலையில் புள்ளி அச்சாக இருந்தது. திருத்த ஒன்றுமே இல்லை.

"ஆமா டாக்டர்" என்றாள் புள்ளி. "வருவோம்."